"ஐ.இ. பையன்" எவருடைய மாணவன்? தலைமையாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர், கடைசி வரிசையில் தனியே அமர்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனைப் பார்த்து, "இவன் பாடம் எழுதவில்லையா?" என்று கேட்கிறார். வகுப்பாசிரியர் சற்றும் தயங்காமல், "அவன் ஐ.இ. பையன் சார், சிறப்புப் பயிற்றுநர் வியாழக்கிழமை வருவார்" என்கிறார். அலுவலரும் தலையசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்த உரையாடலைக் கேட்காத தலைமையாசிரியர் அரிது. உள்ளடக்கிய கல்வி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் ஒரு சிறுவனுக்கு அடைமொழியாகிவிட்டது ஒருபுறம் இருக்கட்டும். அவனுடைய படிப்புக்குப் பொறுப்பானவர் வாரத்தில் ஒரு நாள் வந்துபோகிறவர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்களே, அதுதான் கவலைக்குரியது.

சிறப்புப் பயிற்றுநர் தம் வேலையை அறிவார். வகுப்பாசிரியருக்குப் பயிற்சிக் கட்டகங்கள் வருகின்றன. ஆனால் எந்த வகுப்பு எந்த அறையில் இருக்க வேண்டும், எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு, கழிப்பறைச் சாவி யாரிடம், இறைவணக்கத்தின்போது யார் எங்கே நிற்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் தலைமையாசிரியர் ஒருவரே. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பள்ளி நாள் பெரும்பாலும் இத்தகைய சிறு தீர்மானங்களால்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ அமைகிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் சரியாகச் செய்தவற்றோடு, தவறாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டவற்றையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் "இதெல்லாம் நம் வேலையா?" என்ற கேள்வி எழும்போது, கையில் சட்டம் இருப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் தசைச்சிதைவு நோயும் அவற்றுள் அடக்கம். அச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, அரசின் நிதியையோ அங்கீகாரத்தையோ பெறும் கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தை எல்லோரும் புழங்கும்படி வைக்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிய வேண்டும். 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை. நம் அறையில் அமர்ந்து நாம் எடுக்கும் முடிவு அல்ல.

சேர்க்கை நாளில்

இந்த உரிமை எழுத்து மூலம் மறுக்கப்படுவதில்லை. இனிமையான பேச்சால் மறுக்கப்படுகிறது. "நம்ம பள்ளியில் அந்த வசதியெல்லாம் இல்லையேம்மா, டவுனில் சேர்த்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லும்போது, நாம் அக்கறையாகப் பேசுவதாகவே நமக்குத் தோன்றும். அந்தத் தாய்க்கு அது மூடிய கதவு. மருத்துவச் சான்றோ மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையோ இல்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். சேர்த்த பிறகு அவற்றை வாங்கித்தர வழிசெய்யலாம்.

பிள்ளையின் தலைக்கு மேல் பெரியவர்கள் மட்டும் பேசிக்கொள்ளாமல், முதலில் பிள்ளையிடம் பெயரைக் கேளுங்கள். அதன்பின் பெற்றோரிடம் கேட்க வேண்டியவை சிலவே: வீட்டில் தானாக என்னென்ன செய்துகொள்கிறான், பசியையும் சிறுநீர் வருவதையும் எப்படித் தெரிவிக்கிறான், எதைக் கண்டு மிரளுகிறான், மிரண்டால் எப்படி அமைதியாகிறான், வலிப்பு உண்டா, என்ன மருந்து கொடுக்கப்படுகிறது. இவற்றை ஒரே தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மருத்துவ அறிக்கையில் "மூளை முடக்குவாதம், 75 விழுக்காடு" என்று இருக்கும். அதைப் படித்து எந்த ஆசிரியராலும் நாளைக் காலை முதல் பாடவேளையைத் திட்டமிட முடியாது. "தண்ணீர் வேண்டுமென்றால் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவாள்" என்று தாய் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்துத் திட்டமிட முடியும்.

தாயைப் பள்ளி நேரம் முழுவதும் வராந்தாவில் உட்காரச் சொல்வது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். முதல் சில நாள்களுக்கு அது இருவருக்கும் உதவும். அதையே நிபந்தனையாக்கினால், நூறு நாள் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போகும் பெண்ணின் கூலியை நாம் பறிக்கிறோம். சில வாரங்களில் பிள்ளையின் வருகையும் நின்றுவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் பொதுப்பள்ளியே போதும் என்று வாதிடவும் நான் விரும்பவில்லை. சைகைமொழி அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில், காதுகேளாத ஆறு வயதுக் குழந்தையை வெறுமனே உட்காரவைப்பது, மொழி வளர வேண்டிய காலத்தை வீணாக்குவதாகும். அந்நிலையில் பெற்றோரிடம் சைகைமொழி புழங்கும் பள்ளி எங்கே இருக்கிறது, அங்கே விடுதி எப்படி, நம் பள்ளியில் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லி, முடிவை அவர்களிடமே விட வேண்டும். இந்த நேர்மைக்கும், தட்டிக்கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உடனே கண்டுகொள்வார்கள்.

அறை ஒதுக்கீடும் கால அட்டவணையும்

"ஆறாம் வகுப்பு எப்போதும் மாடியில்தான்" என்பது எந்த அரசாணையிலும் இல்லை. நடக்கச் சிரமப்படும் மாணவி ஆறாம் வகுப்புக்கு வந்தால், அந்த வகுப்பு கீழே வர வேண்டும். மேலே போகிற வகுப்பின் ஆசிரியர் முகம் சுளிப்பார், ஒரு வாரத்தில் பழகிவிடுவார். இந்த மாற்றத்தை மே மாதத்திலேயே முடிவுசெய்து தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிட்டால், ஜூனில் வாக்குவாதம் வராது.

ஆசிரியர் ஒதுக்கீடு இதைவிட முக்கியமானது. பணியில் இளையவர் தலையில் "கஷ்டமான" வகுப்பைக் கட்டிவிடுவது பல பள்ளிகளின் எழுதப்படாத விதி. நான் அதற்கு எதிராகவே செய்தேன்: பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடத்தை நிறுத்தத் தெரிந்த ஆசிரியருக்கு அந்த வகுப்பைக் கொடுத்து, ஈடாக அவரிடமிருந்த விலையில்லாப் பொருள் வழங்கல் பதிவேட்டையும் எமிஸ் எனும் கல்வித் துறை இணையத்தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் வேலையையும் நான் எடுத்துக்கொண்டேன். ஆசிரியருக்குப் பாராட்டு தேவைதான். அதைவிட நேரம் தேவை. அந்த நேரத்தைக் கொடுக்கக்கூடியவர் பள்ளியில் நாம் மட்டுமே.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில், பிள்ளையை உடற்கல்வி வேளையிலிருந்தோ கதை சொல்லும் வேளையிலிருந்தோ எழுப்பிக்கொண்டு போகும்படி அட்டவணை அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளோடு அவன் இயல்பாகச் சேர்ந்திருக்கும் வேளைகள் அவை. பெரும்பாலும் அவற்றைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம்.

கண்டறிதலில் அவசரமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகள் பதிவேட்டில் ஏறிவிடும். தெரியாதவைதான் "மக்கு", "சோம்பேறி" என்ற பெயர்களின் பின்னே ஒளிந்திருக்கும். நான்காம் வகுப்பு வரை வாசிக்காத ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் முறையிட்டால், முதலில் கேட்க வேண்டியது: கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா? பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, பிறவிக் குறைபாடு முதல் வளர்ச்சித் தாமதம் வரை பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிப்பதற்கென்றே அமைந்தது. குழு வருகிற அன்று எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக ஓடவிடாமல், ஐயம் உள்ள பிள்ளைகளின் பெயரையும் ஆசிரியர் கவனித்ததையும் முன்கூட்டியே எழுதிவைத்துக் கொடுங்கள். தலையை ஒருக்களித்துக் கேட்பவன், கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்த்தே எழுதுபவள் ஆகியோர் அப்பட்டியலில் இருக்க வேண்டும். ஆசிரியரே முதற்கட்டமாகப் பார்த்துப் பதிவிடுவதற்கென நலம் நாடி செயலியும் இருக்கிறது. ஆனால் செயலியில் பதிவது ஐயம் மட்டுமே, முடிவு அல்ல என்பதை ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

தமிழில் ண, ன, ந மயங்குவதும் ர, ற மயங்குவதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளதே. அதை வைத்து எவரையும் கற்றல் குறைபாடு உடையவர் என்று சொல்லிவிடக் கூடாது. தொடர்ந்து பள்ளிக்கு வந்து, நல்ல முறையில் கற்பிக்கப்பட்டும், "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் எந்தப் பக்கம் போடுவது என்று மூன்றாம் ஆண்டும் தடுமாறுகிற, ஆனால் வாய்வழியாகக் கேட்டால் கதையை ஒரு வரி பிசகாமல் சொல்கிற பிள்ளையைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய் அரையாண்டு பள்ளிக்கே வராத பிள்ளையின் சிக்கல் வேறு. அதற்கு மருந்து பாடம்தான், சான்றிதழ் அல்ல.

ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்

உள்ளடக்கிய கல்வியைப் பற்றிப் பொதுவாகப் பேசும் கூட்டம் பயனற்றது. மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் மட்டும் பேசுங்கள். கேள்விகள் இரண்டே: நாளின் எந்த வேளையில் இவள் வகுப்போடு இருக்கிறாள், எந்த வேளையில் தொலைந்துபோகிறாள்?

என் பள்ளியில் நான்காம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி இருந்தாள். வலக்கை இறுகியிருக்கும், பேச்சு தெளிவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு எழுத்தின் மேல் எழுத்து எழுதும் பயிற்சிதான் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒரு செய்தியைச் சொன்னார்: மதிய உணவில் முட்டை வழங்கும்போது, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர், மொத்தம் எத்தனை என்று அவள் விரலால் காட்டிவிடுகிறாள், சத்துணவு அமைப்பாளர் எண்ணுவதற்கு முன்பே காட்டிவிடுகிறாள். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் அவளுடைய கையைப் பார்த்திருந்தோம். அவளுடைய கணக்கைப் பார்க்கவில்லை.

அன்று கூட்டத்திலேயே ஒரு பக்கத்தில் திட்டம் எழுதினோம். அடுத்த எட்டு வாரங்களுக்கு அவள் கணக்கை எழுத வேண்டாம். பழைய நாள்காட்டித் தாள்களை வெட்டி அட்டையில் ஒட்டிய எண்களை எடுத்து விடையாக வைக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் செய்யும் அதே கணக்கு, எண்ணிக்கையில் பாதி. எழுதும் பயிற்சி நாளைக்குப் பதினைந்து நிமிடம் மட்டும்; பென்சில் பிடிப்பதற்கு மிதிவண்டி டியூபின் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். விடையை யார் பார்ப்பது என்பதற்கு நேரே கணித ஆசிரியரின் கையெழுத்து. அவளுக்கென்று எழுதிக் கோப்பில் வைத்திருந்த தனியாள் கல்வித் திட்டம் பதினொரு பக்கம் இருந்தது. அதை எவரும் படித்ததில்லை. இந்த ஒரு பக்கத்தை வகுப்பறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தோம். வெளியே ஒட்டினால் வருவோர் போவோரெல்லாம் படிப்பார்கள். அவளுக்கு அது தேவையில்லை.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபின், அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலைகளாகக் கற்பிப்பது தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் பழகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே வேகம் என்ற பிடிவாதம் அங்கே ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குரிய மாற்றத்தை அதிலிருந்தே தொடங்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரும்பு நிலையில் வைக்கப்பட்டவன் ஆண்டு முழுதும் அரும்பிலேயே இருந்தால், கடைசி வரிசைக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம் என்று பொருள்.

செவித்திறனோ பார்வையோ குறைந்த பிள்ளை உள்ள வகுப்பில், ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டியவை சிறியவை: கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் திரும்பிப் பேசுவது, சன்னல் வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி நிற்பது, எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது. இவற்றைச் சுற்றறிக்கையாக அனுப்பிப் பயனில்லை. வகுப்புக்குள் போய்ப் பின்வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, கண்டதைத் தனியே சொன்னால் மாறுவார்கள்.

சிறப்புப் பயிற்றுநரிடம் எதைக் கேட்பது

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பல பள்ளிகளுக்குப் பொறுப்பானவர்கள். அவர்கள் பிள்ளையைத் தனியறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போனால், வாரத்தின் மற்ற நான்கு நாள்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நான் கேட்டுக்கொண்டது இது: வரும் நேரத்தில் பாதியைப் பிள்ளையோடு வகுப்பறைக்குள்ளேயே செலவிடுங்கள், மீதிப் பாதியில் வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு உத்தியைச் செய்துகாட்டுங்கள். அந்த அரை மணி நேரம் வகுப்பாசிரியரின் வகுப்பை நான் பார்த்துக்கொள்வேன். சில வாரங்களில் ஆசிரியர்களே "போன வாரம் சொன்னது சரிப்படவில்லை, வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பொறுப்பு கைமாறுவதற்கு அந்தக் கேள்விதான் அடையாளம்.

சிறப்பாசிரியர் எண்ணிக்கை போதாது என்பது உண்மை. 2021இல் உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தீர்ப்பளித்ததை அடுத்து, 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, ஐந்தாம் வகுப்பு வரை சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நம் பள்ளி இடம்பெற வேண்டுமானால், எமிஸ் தளத்தில் பிள்ளையின் விவரம் சரியாக ஏறியிருக்க வேண்டும். "எதற்கு வம்பு" என்று விட்டுவிடப்படும் பெயர் ஒவ்வொன்றும், கருவியும் பயணப்படியும் ஆசிரியரும் கேட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

சரிவுப் பாதை, கழிப்பறை, வலிப்பு

சரிவுப் பாதையில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வராந்தாவின் உயரம் ஒன்றரை அடி. கொத்தனாரிடம் "சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆறடி நீளத்தில் வழவழவென்று கட்டிக்கொடுத்தார். ஆட்சேபிக்க எனக்குத் தெரியவில்லை. திறப்பு நாளில் இருவர் பின்னாலிருந்து தள்ளியும் நாற்காலி பின்னோக்கிச் சரிந்தது. அதன்பின் அந்தச் சரிவு ஆசிரியர்களின் இருசக்கர வண்டிகளுக்குப் பயன்பட்டது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே விதி. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். இடம் போதாவிட்டால், நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். தளம் சொரசொரப்பாகவும் இருபுறமும் கைப்பிடியோடும் இருக்க வேண்டும். பொறியாளர் வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, நாடாவால் அளந்து பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

தனிக் கழிப்பறை பல பள்ளிகளில் இருக்கிறது. பூட்டப்பட்டு, உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலியும் இருக்கின்றன. சாவி தலைமையாசிரியர் மேசையில். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக, ஏழாம் வகுப்பில் படித்த அவன் அக்காவை ஆசிரியர்கள் நாள்தோறும் மூன்று நான்கு முறை வகுப்பிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பெண் காலாண்டுத் தேர்வில் அறிவியலில் தோற்ற காரணத்தை விசாரிக்கப்போய்த் தெரிந்தது. அவள் முறையிடவில்லை, அவளுக்கு அது வீட்டு வேலையின் நீட்சி. மறுநாளே குழுவைக் கூட்டி, பெற்றோர் ஏற்றுக்கொண்ட பெரியவர் இருவரை இதற்கென்று ஏற்பாடு செய்து, குறித்த நேரங்களில் அழைத்துப்போகும்படி செய்தோம். கூடுதல் கூலிக்குக் குழுவே நன்கொடை திரட்டியது. பெண் குழந்தைக்குப் பெண்ணே உதவ வேண்டும், கதவுக்கு வெளியே இன்னொருவர் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கையும் எழுதிவைத்தோம்.

வலிப்பு வரும் பிள்ளை இருந்தால், சத்துணவுக்கூடப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் ஒருமுறை செய்துகாட்டுங்கள். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது, பல்லுக்கிடையே கரண்டியை விடுவது, முகத்தில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவை எதுவும் கூடாது. அருகில் உள்ள பொருள்களை அகற்றி, தலைக்குக் கீழே துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அவர்களுக்கு நடந்ததை எளிய சொற்களில் விளக்கிவிட்டால், மறுநாள் எவரும் அவனைவிட்டு நகர்ந்து உட்கார மாட்டார்கள்.

பிள்ளைகளுக்குள்

பட்டப்பெயரை மாணவர் உருவாக்குவதைவிட, ஆசிரியர் வாயிலிருந்து எடுத்துக்கொள்வதே அதிகம். ஓய்வறையில் ஒருவர் "அந்த லூசு" என்று சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். துணை மாணவர் ஏற்பாடு நல்லதுதான். ஒரே பிள்ளையை ஆண்டு முழுதும் துணையாக்கினால் நட்பு வேலையாகிவிடும். வாரம் ஒருவராக மாற்றுங்கள், உதவி பெறும் பிள்ளையும் யாருக்காவது உதவும் வேலை ஒன்றைப் பெறட்டும். மேலே சொன்ன சிறுமி, முட்டைக் கணக்குக்கு எங்கள் பள்ளியின் பொறுப்பாளரானாள்.

விளையாட்டு விழாவில் "சிறப்புக் குழந்தைகளுக்கான பலூன் உடைத்தல்" என்று தனி நிகழ்ச்சி வைத்து, எல்லோருக்கும் பரிசளித்துக் கைதட்டுவது எனக்கு உவப்பானதில்லை. தொடர் ஓட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் ஒரு சுற்று நடையாகவோ நாற்காலியிலோ அமையும்படி விதியை மாற்றினால், எல்லா அணிக்கும் ஒரே விதிதான்.

தேர்வு

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள், குறைபாட்டின் தன்மைக்கேற்பக் கிடைக்கின்றன. அவற்றுக்கு மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் நினைவுக்கு வந்து ஓடினால் சான்று கிடைப்பதற்குள் காலக்கெடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். சொல்லி எழுதவைப்பதும் ஒரு திறமை. விடையை வாக்கியமாகச் சொல்லவும், எழுதுபவரை நிறுத்தவும், திருத்தச் சொல்லவும், கணக்கைப் படிப்படியாக வாய்மொழியில் நடத்தவும் பழக வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே எழுதுபவரை அமர்த்திப் பழக்காத மாணவர், பொதுத்தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் திணறிப்போவார். மொழிப்பாட விலக்கை எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம். அந்த மொழியில் வாய்வழியாக நன்றாகத் தேறுகிற பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேளுங்கள்.

குழு, நிதி, பதிவேடு

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறன் குழந்தைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருள் சேர்த்தது. அப்பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உரிய பங்கு தரப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்தப் பெற்றோர் ஒருவர் குழுவில் இருந்தால், பள்ளி மானியத்தில் சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு, கழிப்பறைக் கைப்பிடிக்கு எவ்வளவு என்ற பேச்சே மாறிவிடும். கூட்டத்தை அவர் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

அதே திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வாய்ப்பைத் தருகிறது. பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையை, எங்கள் வசதிக்காக அப்பட்டியலுக்கு மாற்றுவது பெருந்தவறு. உண்மையாகவே வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளையென்றாலும், வகுப்பாசிரியர் பருவத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தைகள் தினத்துக்கு அழைக்க வேண்டும், வகுப்புப் புகைப்படத்தில் அவன் இருக்க வேண்டும். வராத பிள்ளைக்கு வருகை போடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் 200 நாள் நிறைந்திருக்கும் பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருந்தால், யாரும் அவனைத் தேடிப் போக மாட்டார்கள்.

அடுத்த பள்ளிக்கு அனுப்பும்போது

எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதுதான் மிகுதியான பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழோடு அந்த ஒரு பக்கத் திட்டத்தையும், தாய் சொல்லி எழுதிய தாளையும், பெற்றோரின் ஒப்புதலோடு புதிய தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். மே மாதத்தில், பள்ளி காலியாக இருக்கும் ஒரு காலையில், பிள்ளையையும் பெற்றோரையும் அங்கே கூட்டிப்போய், பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம், வகுப்பறை எது, குடிநீர்க் குழாய் எட்டுகிறதா, கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தானே போட முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். முட்டைக் கணக்குச் சிறுமியோடு நான் போனபோது, தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அங்கேயே தச்சரைத் தொலைபேசியில் அழைத்தார்.